சித்தாளுக்கு ஏது பேறுகால விடுப்பு?



பொருளாதாரம் மீண்டுவிட்டது என்கிறார்கள். 2024-25-இல் தமிழ்நாடு 11.19 சதவீதம் வளர்ந்ததாம். கொரோனா முடக்கத்தில் பெங்களூரிலிருந்து மூட்டை முடிச்சோடு தீர்த்தமலைக்கும் சித்தேரிக்கும் திரும்பிய நம் பெண்கள், மறுபடி அரூரில் பஸ் ஏறி அதே கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். ஏழு மாத வயிற்றோடு ஜல்லிச் சட்டி தூக்குகிறவளிடம் போய்க் கேளுங்கள், மீண்டது யார் என்று!

அரசு வேலையில் இருக்கும் பெண்ணுக்கு 2021 ஜூலை முதல் பன்னிரண்டு மாதம் முழுச் சம்பளத்தோடு விடுப்பு. நல்லது, கொடுக்கட்டும். அதைக் குறை சொல்ல நான் மேடை ஏறவில்லை. சித்தாளுக்கு என்ன என்றுதான் கேட்கிறேன். முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய். அதில் 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகமாகப் போய்விடும். கைக்கு வருவது 14,000, அதுவும் தவணை தவணையாக. ஒரு வருஷத்துக்கு வகுத்துப் பாருங்கள்: நாளைக்கு 39 ரூபாய்கூடத் தேறாது! அதை நம்பி எந்த மேஸ்திரியிடம் "நான் வேலைக்கு வரலை" என்று சொல்வாள்?

இந்த உதவித்தொகை 2006-இல் 6,000. 2011-இல் 12,000. 2018-இல் 18,000. ஆட்சி மாறினாலும் தொகை ஏறியது. பிறகு படுத்துவிட்டது. 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. 24,000 என்று எழுதியது. அதே அறிக்கையில் சொன்ன அரசு ஊழியர் விடுப்பு அந்த வருஷமே வந்தது. கூலிக்காரியின் காசு மட்டும் 2025 முடிந்தும் வரவில்லை.

கர்ப்பத்தைப் பதிந்த பிக்மி எண் இங்கே, பெண் அங்கே பெங்களூருத் தகரக் கொட்டகையில். சத்துமாவு அங்கன்வாடியில், சத்து மாத்திரை செவிலியர் பையில். பரிசோதனைக்கு வராவிட்டால் தவணை போகும், வந்தால் கூலி போகும். உடம்பின் கணக்கையும் பாருங்கள்: தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ரத்தசோகை உள்ளவர்கள் 2015-16-இல் நூற்றுக்கு 44 பேர்; 2019-21 கணக்கெடுப்பில் 48 பேர். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 57! இதுவும் வளர்ச்சிதானா ஐயா?

அடுத்த கிராம சபையில் தீர்மானம் எழுதச் சொல்லுங்கள்: ஏழாம் மாதம் தொடங்கி ஆறு மாதத்துக்குக் குறைந்தபட்சக் கூலி மாதாமாதம் அவள் கணக்கில் விழ வேண்டும்; எந்த ஊரில் பரிசோதித்தாலும் அது செல்லுபடியாக வேண்டும். இந்தத் தீர்மானம் ஏறாத புத்தகத்தில் யாரும் கையெழுத்துப் போடாதீர்கள்!