எழுத்து அடித்தால் எண் வருகிறதா?

லேப்டாப்பில் கடவுச்சொல்லைச் சரியாகத்தான் அடிக்கிறீர்கள், ஆனாலும் 'தவறு' என்றே வருகிறது. வேறு இடத்தில் அடித்துப் பார்த்தால் யூ என்ற எழுத்துக்கு 4, ஐ-க்கு 5, ஜே-க்கு 1. 'கீபோர்டு போச்சு' என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். நம் லாக் (Num Lock) விசை தெரியாமல் அழுந்தியிருக்கும், அவ்வளவுதான்!

சின்ன லேப்டாப்பில் எண்களுக்கெனத் தனிப் பகுதி வைக்க இடமில்லை. அதனால் பல மாடல்களில் வலக்கைப் பக்கத்து எழுத்துகளுக்குள்ளேயே எண்களையும் வைத்தார்கள். உற்றுப் பாருங்கள், அந்த விசைகளின் ஓரத்தில் பொடியாக எண் அச்சிட்டிருக்கும். எஃப்என் விசையை அழுத்தியபடி நம் லாக்கைத் தட்டினால், பெரும்பாலும் எழுத்துகள் திரும்பிவிடும்.

இந்த எஃப்என் பெரும்பாலும் இடது கீழ் மூலையருகே இருக்கும். லேப்டாப்பில் முதலில் பழகவேண்டிய விசை இதுதான் என்பேன். காரணம், எஃப்1, எஃப்2 என்று போகும் எஃப் விசைகள். 1981-ல் வந்த ஐபிஎம் பிசியில் பத்து எஃப் விசைகள் இடப்பக்கம் தனியாக நின்றன. இன்று மேல் வரிசையில் பன்னிரண்டு. ஒலி, திரை வெளிச்சம், விமானப் பயன்முறை என்று கூடுதல் வேலையும் அவற்றின் தலையில்தான். எக்செலில் எஃப்2 அழுத்தினால் ஒலி குறைகிறதா? எஃப்என்னோடு எஸ்கேப்பைச் சேர்த்து அழுத்துங்கள். லெனோவோ, டெல் மாடல்கள் பலவற்றில் அந்த வரிசை பழைய வேலைக்குத் திரும்பும்.

வீட்டுப் பெரியவர்களுக்கு லேப்டாப் வாங்கித் தருபவர்கள், பக்கத்தில் உட்கார்ந்து இந்த வரிசையைப் பொறுமையாகக் காட்டிக்கொடுங்கள். டச்பேட் படம் போட்ட விசை இருந்தால், அதையும் மறக்காமல் காட்டுங்கள்.