ஏகபோகத்தை அடக்கினால் முதலீடு மூழ்கிவிடுமா?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



கூகுள் போன்ற பெருங்கம்பெனிகளின் ஏகபோகத்தின் மேல் அரசாங்கம் கை வைத்தால் உடனே ஒரு கூக்குரல் எழுகிறது. கம்பெனியைத் தொட்டால் அதில் பணம் போட்ட சிறு சேமிப்பாளன் அல்லவா அழிவான் என்று நமக்காகக் கண்ணீர் வடிக்கிறார்கள். பங்குச்சந்தைக்கும் நமக்கும் என்ன உறவு என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. நம் சம்பளத்தில் பிடிக்கும் பி.எப். பணத்தில் ஒரு பகுதி 2015 முதல் பங்குச்சந்தைக்குப் போகிறது. நம் பிள்ளைகள் மாதம் ஐநூறு, ஆயிரம் என்று மியூச்சுவல் பண்டில் கட்டுகிறார்கள். பி.எப். பணம் போவது இந்தியக் கம்பெனிகளுக்குத்தான். ஆனால் அங்கே சொல்லும் வாதம் நாளை இங்கேயும் வரும். ஆகவே, பணம் போட்டவனின் கண்கொண்டே இதைப் பார்ப்போம்.

வரலாறு என்ன சொல்கிறது? 1911-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ராக்பெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் எண்ணெய்க் கம்பெனியை உடைக்கச் சொன்னது. அது 34 கம்பெனிகளாயிற்று. பங்கு வைத்திருந்தவன் ஓட்டாண்டி ஆனானா? இல்லை. பிரிந்த கம்பெனிகளிலும் அவனுக்குப் பங்கு கிடைத்தது. அவற்றின் விலை ஏறியது. ராக்பெல்லரே முன்னிலும் பெரிய செல்வரானார்!

பயம் முழுப் பொய் என்று நாம் சொல்லவில்லை. 2000 ஏப்ரல் 3 அன்று மைக்ரோசாப்ட் சட்டத்தை மீறியது என்று தீர்ப்பு வந்தபோது, அதன் பங்கு ஒரே நாளில் ஏழில் ஒரு பகுதி சரிந்தது. ஆனால் உடைக்கும் உத்தரவை 2001-இல் மேல் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. கம்பெனி இன்றும் உலகின் பெருங்கம்பெனிகளுள் ஒன்று.

இப்போது கூகுளுக்கு வருவோம். போனை வாங்கியவுடன் தேடுவதற்குத் தன் பெட்டியே முன்னால் நிற்க வேண்டும் என்பதற்காக, 2021-இல் மட்டும் மற்றக் கம்பெனிகளுக்கு அது கொடுத்த தொகை 2,630 கோடி டாலர். 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா, இது சட்டவிரோத ஏகபோகம் என்று தீர்ப்பளித்தார். 2025 செப்டம்பர் 2-இல் தண்டனையைச் சொன்னார்: தனியுரிமை ஒப்பந்தம் கூடாது, சில தகவல்களைப் போட்டியாளருக்குக் கொடுக்க வேண்டும், ஆனால் கம்பெனியை உடைக்க வேண்டாம். மறுநாள் பங்கு விலை சுமார் 9 சதவீதம் ஏறிற்று! குற்றவாளிக்குத் தண்டனை சொன்னதும் அவன் வீட்டில் விருந்து நடந்தால், அந்தத் தண்டனையை என்னவென்று சொல்வது?

நம் நாட்டிலும் இதே கதைதான். 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம், ஆண்ட்ராய்டு விவகாரத்தில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. நமக்கு அது மலை. உலகெங்கும் அந்தக் கம்பெனிக்கு அந்த ஆண்டு வந்த வசூலில் அது கால் நாள் வசூலுக்கும் குறைவு. பங்குதாரனுக்கு அது செலவுக் கணக்கில் ஒரு வரி.

உறைத்தது எது தெரியுமா? நடத்தையை மாற்றச் சொன்ன உத்தரவு. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தடை தர மறுத்த பிறகே, இந்தியாவில் தேடுபொறியைப் பயனாளியே தேர்ந்தெடுக்கலாம் என்று கூகுள் அறிவித்தது.

போட்டி வந்தால் ஏழைக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு நம் வாழ்க்கையே பதில். ஊருக்குப் பேச, இரவு பதினோரு மணிக்கு மேல் கால் கட்டணம் என்று எஸ்.டி.டி. பூத் வாசலில் வரிசையில் நின்றவர்கள் அல்லவா நாம்? 2000-இல் நெடுந்தூரத் தொலைபேசியில் போட்டி அனுமதிக்கப்பட்டது. 2002-இல் கட்டணம் மளமளவென்று இறங்கியது. அம்மாவின் குரலைப் பகலிலேயே கேட்டோம்.

தோழர்களே! சரக்கு நல்லதாக இருந்து ஓடும் கடை, பக்கத்தில் இன்னொரு கடை வந்தாலும் நிற்கும். தெருவை அடைத்து ஓடும் கடை, அடைப்பை எடுத்தால் விழும். அப்படிப்பட்ட கடையில் நம் சேமிப்பு இருப்பதே ஆபத்து. எனவே அடுத்த முறை இப்படிச் செய்தி வரும்போது, அபராதம் எத்தனை கோடி என்று கேட்டு வாய் பிளக்க வேண்டாம். அடைப்பு எடுக்கப்பட்டதா என்று கேட்போம். நம் பெயரைச் சொல்லி ஏகபோகத்துக்குக் குடை பிடிக்க யாருக்கும் நாம் அதிகாரம் கொடுக்கவில்லை.