செவலையோடு ஒரு மார்கழி நடை

(முன்னாள் மாணவர் சந்திப்பு நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'கல்லூரி நாட்களில் மறக்க முடியாத நிகழ்ச்சி ஒன்றைப் பத்து நிமிடத்தில் சொல்லுங்கள்' என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். ஸ்டிரைக், ஹாஸ்டல் சாம்பார், பரீட்சை ஹால் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் ஒரு நாயைப் பற்றிப் பேசப் போகிறேன். (சிரிப்பு) சிரியுங்கள், சிரியுங்கள். கடைசியில் அது நாயைப் பற்றியது மட்டும் இல்லை என்று உங்களுக்கே தெரியும்.

என் மகள் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் இருக்கிறாள். போன டிசம்பரில் ஒரு படம் அனுப்பினாள். காலில் முழங்கால் வரை பூட்ஸ், கையில் நாயின் கயிறு, சுற்றிலும் பனி மூடிய வயல்காடு. அந்த நாட்டில் குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமையில் அது ஒரு வழக்கமாம். தனியார் வயல் நடுவே போகும் ஒற்றையடிப் பாதையில்கூடப் பொதுமக்கள் நடக்கச் சட்டப்படி உரிமை உண்டாம். நாயோடு சில மைல் நடந்து, கடைசியில் ஒரு கிராமத்து 'பப்'பில் போய்க் கணப்படுப்புப் பக்கத்தில் உட்காருவார்களாம். நாய்க்கும் உள்ளே இடம் உண்டாம். 'அப்பா, நம்ம ஊர்ல இப்படி ஒரு சுகம் இல்லையே' என்று எழுதியிருந்தாள். 'இருந்ததும்மா. 1977-லேயே இருந்தது' என்று பதில் போட்டேன். மீதிக் கதையை அவளுக்கு எழுதவில்லை. அதைத்தான் இங்கே சொல்கிறேன்.

என் ஊர் மல்லாங்கிணறு. விருதுநகருக்கும் காரியாபட்டிக்கும் நடுவில் இருக்கிற கரிசல் காடு. வெளியூர்க்காரர்கள் சித்திரை, வைகாசியில் பஸ்ஸில் போகும்போது பார்த்துவிட்டு, 'காய்ஞ்ச பூமி' என்று உச்சுக் கொட்டுவார்கள். அவர்கள் மார்கழியில் வந்து பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்த மண் ஈரம் காத்துக்கொண்டு கிடக்கும். கருங்கண்ணிப் பருத்தி மஞ்சள் பூ விட்டிருக்கும். மல்லிச் செடி வாசம் ஒரு பர்லாங்கு தூரத்துக்கு அடிக்கும். கொண்டைக்கடலை மழை இல்லாமல் பனியிலேயே விளையும் என்பார்கள் எங்கள் பெரியவர்கள். சோளத் தோகையை உரசிக்கொண்டு நடந்தால் வேட்டி முழங்கால் வரை நனைந்துவிடும். இங்கிலாந்துக் குளிர் முன்னால் அது ஒன்றுமில்லைதான். ஆனால் தலையில் துண்டைச் சுற்றி, வாயில் புகை வருகிறதா என்று ஊதிப் பார்த்துக்கொண்டு நடப்போமே, அந்த சுகத்துக்குக் குறைவே இல்லை.

எங்கள் வீட்டு நாயின் பெயர் செவலை. நிறத்தை வைத்தே பெயர். நம் பக்கத்துச் சிப்பிப்பாறை ஜாதி. ஒடுங்கிய இடுப்பு, ஆழமான நெஞ்சு, எண்ணிப் பார்க்கலாம் போல் விலா எலும்பு, சாட்டை போல வால். கம்மங்கூழும் கேப்பைக்கூழும்தான் அதற்குச் சாப்பாடு. மோப்பம் பிடித்துப் போகிற நாய் இல்லை அது. கண்ணால் பார்த்துத் துரத்துகிற நாய். தூரத்தில் ஒரு முயல் காதை அசைத்தாலே வில்லிலிருந்து விட்ட அம்பு மாதிரி கிளம்பிவிடும். ஆனால் அதே முயல் பக்கத்துச் சாலில் அசையாமல் பதுங்கிக் கிடந்தால், கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். இந்த விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1977 டிசம்பர் விடுமுறைக்கு என் ஹாஸ்டல் அறை நண்பனை ஊருக்குக் கூட்டிப் போனேன். சிவகாசிக்காரன். பெயர் சொல்லக்கூடாது என்று மிரட்டியிருக்கிறான். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து இப்போது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். என் தம்பி, தங்கைகளுக்கு ஒரு பெட்டி நிறைய வெடி கொண்டுவந்தான். முதல் சரத்தைக் கொளுத்தியதும் செவலை மாட்டுவண்டிக்கு அடியில் போய் ஒடுங்கியதுதான், ராத்திரி சாப்பாட்டுக்குக்கூட வரவில்லை. மறுநாள் வெளிச்சத்தில் அதைப் பார்த்தவன், 'ஏன்டா, இதுக்குச் சோறே போட மாட்டீங்களா? எலும்பும் தோலுமா இருக்கே' என்றான். எனக்கு மானம் போய்விட்டது. அவன் முன்னால் என் ஊர், என் வீடு, என் நாய் எல்லாமே ஏழையாகத் தெரிந்தன. அன்று ராத்திரி அம்மாவுக்குத் தெரியாமல் நெல்லுச்சோற்றில் தயிரைப் பிசைந்து வயிறு முட்ட வைத்தேன்.

விடிவதற்கு முன் நடக்கக் கிளம்பினோம். எங்களோடு வழக்கம்போல் ஒருவர் வந்தார். எங்கள் புஞ்சையில் உழுதவர், விதைத்தவர். என்னைவிட முப்பது வயது மூத்தவர். நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அவர் என்னை 'சின்னையா' என்பார். இரண்டு பேருக்கும் அதில் ஒன்றும் வித்தியாசமாகத் தோன்றியதில்லை. இல்லை, எனக்குத் தோன்றியதில்லை; அவருக்குத் தோன்றியதா என்று நான் கேட்டதில்லை.

அவர் செவலையின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். 'வயித்த ரொப்பிட்டீகளே சின்னையா, இன்னைக்கி இது ஓடாது' என்றார். அப்படியே ஆயிற்று. பருத்திக் காட்டு ஓரத்தில் ஒரு முயல் கிளம்பியது. செவலை கொஞ்ச தூரம் பாய்ந்தது. முயல் சட்டென்று திரும்பிச் சீமைக்கருவேல் புதருக்குள் மறைந்துவிட்டது. செவலை இரைக்க இரைக்கத் திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்தது. 'அண்ணாச்சி, மெலிஞ்சிருக்கிறதுதான் இதுக்கு உடம்பா?' என்று நண்பன் கேட்டான். 'ஆமா தம்பி. கொழுத்துச்சுன்னா இது வேற நாயி' என்றார் அவர். அவரை ஒருவர் 'அண்ணாச்சி' என்று கூப்பிட்டு அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன்.

மெயின் ரோட்டு விலக்கில் ஒரு டீக்கடை. அதுதான் எங்கள் 'பப்'. தென்னங்கீற்றுக் கூரை, விறகடுப்பு, ஒரு நீள பெஞ்சு. மார்கழியில் பருத்திப்பாலும் உண்டு. ராத்திரியே பருத்தி விதையை ஊறப்போட்டு, ஆட்டிப் பால் எடுத்து, கருப்பட்டியும் சுக்கும் தட்டிப்போட்டுக் காய்ச்சி வைத்திருப்பார்கள். நண்பனும் நானும் பெஞ்சில் உட்கார்ந்தோம். செவலை பெஞ்சுக்கு அடியில் அடுப்புச் சூட்டுக்குப் படுத்துக்கொண்டது. யாரும் அதை விரட்டவில்லை.

அவர் உள்ளே வரவில்லை. கூரையில் செருகியிருந்த தகரக் குவளை ஒன்றை எடுத்துக் கழுவி நீட்டினார். கடைக்காரர் அரை முழ உயரத்திலிருந்து ஊற்றினார். பனியில் நின்றபடி குடித்தார்.

'அவரு ஏன்டா வெளியில நிக்காரு?' என்று நண்பன் கேட்டான்.

'அவரு அப்படித்தான் நிப்பாரு' என்றேன்.

நான் சொன்ன பதில் அவ்வளவுதான். அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு 1950-லேயே தீண்டாமையை ஒழித்தது. 1955-ல் அதற்குத் தண்டனைச் சட்டமும் வந்தது. இதையெல்லாம் படித்துப் பரீட்சை எழுதி மார்க் வாங்கியவன் நான். பத்து வருஷமாக அந்தக் கடைக்குப் போகிறேன். அவர் தினமும் அதே இடத்தில் அசையாமல் நின்றார். அதனாலேயே எனக்குத் தெரியவில்லை.

நண்பன் எழுந்தான். தன் கிளாஸை எடுத்துக்கொண்டு வெளியே போய் அவர் பக்கத்தில் நின்று குடித்தான். கடையில் பேச்சு நின்றுவிட்டது. நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? எழுந்திருக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் நாலு பேர் அங்கே இருந்தார்கள். கிளாஸைக் குனிந்து பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஏறக்குறைய ஐம்பது வருஷமாக அந்த பெஞ்சிலிருந்து நான் எழுந்து பார்க்கிறேன், இன்னும் எழுந்தபாடில்லை.

மறுநாள் அவர் நடக்க வரவில்லை. நண்பனுக்கு முகம் வாடிப்போயிற்று. 'நான் செஞ்சது தப்பாடா?' என்று கேட்டான். செவலையைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனோம். அந்தத் தெருவுக்குள் நான் அதற்கு முன் போனதே கிடையாது. வாசலில் சுள்ளி போட்டுத் தீ மூட்டிக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார். நண்பனைப் பார்த்துச் சிரித்தார். 'தம்பி, நீங்க லீவு முடிஞ்சு போயிருவீக. நான் நாளைக்கும் அந்தக் கடைக்குத்தான் போகணும். நேத்தே ரெண்டு பேரு கேட்டுட்டாக' என்றார். குரலில் கோபம் இல்லை. 'ஆனா நீங்க நின்னது நல்லாத்தான் இருந்துச்சு' என்றும் சொன்னார்.

அவர் மனைவி மூன்று டம்ளரில் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தார். என் முன்னால் மட்டும் கை தயங்கியது. 'குடிப்பீகளா சின்னையா?' வாங்கிக் குடித்தேன். சூடு நாக்கில் பட்டது. 'நல்லா இருக்கு அண்ணாச்சி' என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வர ஒரு சிவகாசிக்காரன் தேவைப்பட்டிருக்கிறான். செவலை தீப்பக்கத்தில் சுருண்டு படுத்திருந்தது. கணப்படுப்புப் பக்கத்தில் உட்காருவதை என் மகள் சுகம் என்று எழுதினாள் அல்லவா? எனக்கு அது அந்த வாசல்தான். ஆனால் வீட்டில் நான் இதைச் சொல்லவில்லை. அப்பா காலமாகும்வரை சொல்லவில்லை. வீரனாக என்னை நினைத்துவிடாதீர்கள்.

மாணவச் செல்வங்களே! இன்று முயல் வேட்டை கிடையாது. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991-ல் செய்த திருத்தமும் அதைக் குற்றமாக்கிவிட்டன, அது சரிதான். நம் மாவட்டத்து ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால்தலையே போட்டார்கள். 2020-ல் பிரதமரின் வானொலி உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்றெல்லாம் பெயர் வந்தது. பெருமைக்காக வாங்கி மாடி வீட்டில் கட்டிப்போடாதீர்கள். வெறிநாய்த் தடுப்பூசி போடுங்கள், கயிற்றைப் பிடித்துக்கொண்டு தினமும் நடத்திக் கூட்டிப் போங்கள், வயிறு முட்டப் போடாதீர்கள்.

இன்னொன்று. லீவுக்கு ஊருக்குப் போகும்போது வேறு ஊர், வேறு தெரு நண்பன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு போங்கள். நாயைப் பார்த்துத் தப்பாகச் சொல்வான், நீங்கள் திருத்துங்கள். வேறொன்றைப் பார்த்துச் சரியாகக் கேட்பான். அப்போது 'அப்படித்தான்' என்று பதில் சொல்லாதீர்கள். கடைகளில் இப்போது பேப்பர் கப் வந்துவிட்டது. குவளை பிரச்சினை அதோடு போயிற்று என்கிறார்கள். பெஞ்சு பிரச்சினையும் போயிற்றா என்று அவரவர் ஊர்க் கடையில் அவரவரே பார்த்துக்கொள்ளுங்கள்.