தேசக் கலாசாரமும் ஜனங்களின் சந்தோஷமும்

(ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் பேசியது)



இன்று நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் தேசக் கலாசாரமும் சந்தோஷமும் என்பதாகும். கலாசாரம் என்கின்ற வார்த்தையைக் கேட்டவுடனே கன்னத்தில் போட்டுக் கொள்ளுகிறவர்கள் நம் நாட்டில் உண்டு. அதைச் சற்று விசாரித்துப் பார்ப்போம் என்றால் சண்டைக்கு வருகிறவர்களும் உண்டு. நாம் அதைக் கும்பிடவும் வரவில்லை, வையவும் வரவில்லை. ஒரு தேசத்து ஜனங்கள் சந்தோஷமாயிருப்பதற்கு அவர்களது கலாசாரம் எவ்வளவு தூரம் காரணம், அந்தக் கலாசாரம் வானத்திலிருந்து இறங்கியதா, மனிதன் செய்ததா என்பதை மாத்திரம் பார்ப்போம்.

மேல்நாட்டானுக்குப் பணம் உண்டு, நிம்மதி இல்லை என்றும், அவன் மாத்திரை போட்டுக் கொண்டுதான் தூங்குகிறான் என்றும், நமக்கோ காசு இல்லாவிட்டாலும் கலாசாரத்தின் மகிமையால் மனத்திருப்தி இருக்கின்றது என்றும் காலட்சேபக்காரர் முதல் காலேஜ் பண்டிதர் வரையில் சொல்லி வருகிறார்கள். கஞ்சிக்கு இல்லாதவனும் இதைக் கேட்டுத் தலையாட்டுகிறான். அவனிடம் போய், "உனக்குத் திருப்திதானா?" என்று இவர்களில் ஒருவராவது கேட்டதுண்டா? கேட்காமலேயே அவனுக்காக இவர்களே பதில் சொல்லிவிட்டார்கள்.

இப்பொழுது கேட்கிறவர்கள் வந்திருக்கிறார்கள். காலப் என்கிற ஸ்தாபனத்தார் ஒவ்வொரு நாட்டிலும் வருஷத்துக்குச் சுமார் 1,000 பேரிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "ஒரு ஏணி இருப்பதாக நினைத்துக் கொள். அடியில் சைபர், உச்சியில் பத்து. உச்சிப்படி உனக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல வாழ்வு, அடிப்படி மிகக் கெட்ட வாழ்வு. நீ இன்று எந்தப் படியில் நிற்கிறாய்?" என்பதுதான் அந்தக் கேள்வி. மூன்று வருஷத்துப் பதில்களைக் கூட்டிச் சராசரி எடுத்து, 2012 முதல் உலக மகிழ்ச்சி அறிக்கை என்ற பேரால் வெளியிட்டு வருகிறார்கள். அதில் 2018 முதல் 2025 வரை எட்டுத் தடவை தொடர்ந்து பின்லாந்து முதலாவதாக வந்தது. 2025-ல் கணக்கெடுத்த 147 நாடுகளில் ஆப்கானிஸ்தானம் கடைசி. திருப்தியே உருவான இந்தியா 118-வது.

சந்தோஷத்தை மரக்காலில் அளக்க முடியுமா என்று ஒரு தோழர் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். 40-வது நாட்டுக்கும் 45-வது நாட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நாமும் பெரிதாகக் கொள்ளவில்லை. ஆனால் மார்க்குப் போடுகிறவன் வேறொருவன் அல்ல. வாழுகிறவனே தன் வாழ்வுக்குப் போட்டுக் கொள்ளுகிறான். பின்லாந்துக்காரன் சிரித்த முகத்துக்குப் பேர் போனவனும் அல்ல. இது பல்லைக் காட்டுகிற கணக்கல்ல; வாழ்வை நினைத்துப் பார்த்துச் சொல்லுகிற கணக்கு.

நிற்க, கலாசாரத்துக்கு இதில் பங்கே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். அப்படிச் சொன்னால் அது பொய்யாகும். கோஸ்டாரிக்காவும் மெக்சிகோவும் பணக்கார நாடுகள் அல்ல. ஆனாலும் 2025-ல் ஒன்று 6-வது, மற்றொன்று 10-வது. ஜப்பானோ அவற்றைவிட அதிகச் செல்வமுள்ளது. அது 55-வதாக நின்றது. கோஸ்டாரிக்காவில் உறவும் நட்பும் நெருக்கம் என்கிறார்கள். இருக்கலாம். அந்த நாடு 1948-ல் பட்டாளத்தையே வேண்டாமென்று கலைத்துவிட்டது என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்லவேண்டும்.

அப்படியானால் எப்படிப்பட்ட கலாசாரம் சந்தோஷத்துக்கு உதவுகின்றது? எட் டீனர் என்கிற அமெரிக்கப் பேராசிரியரும் அவரைச் சேர்ந்தவர்களும் 55 நாடுகளை ஒப்பிட்டு 1995-ல் ஒரு ஆராய்ச்சி வெளியிட்டார்கள். வருமானம், மனித உரிமை, சமத்துவம் ஆகியவையெல்லாம் சந்தோஷத்தோடு கூடவே போகின்றன என்று கண்டார்கள். மற்றவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தபோதும் கழியாமல் நின்றது ஒன்று. அதாவது, ஒருவன் தன் கல்யாணம், தன் தொழில், தன் கொள்கை ஆகியவற்றைத் தானே தீர்மானித்துக் கொள்ளும் வழக்கம் எந்தத் தேசத்தில் அதிகமோ அந்தத் தேசத்தில் திருப்தியும் அதிகம் என்பது. நாம் வெகுகாலமாகச் சுயமரியாதை என்ற பேரால் இதைத்தான் சொல்லி வருகிறோம். நம்மைப் பார்த்துக் குடும்பத்தைக் கெடுக்க வந்தவர்கள் என்றார்கள். குடும்பப் பாசம் வேறு, குடும்ப அதிகாரம் வேறு தோழர்களே! பாசத்தை யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை.

ஹோஃப்ஸ்டெட் என்கிற ஹாலந்துக்காரர் ஒருவர் இன்னொரு விதமாக அளந்தார். ஐ.பி.எம். கம்பெனிக்குப் பல தேசங்களிலும் இருந்த சிப்பந்திகளிடம் 1967 முதல் 1973 வரையில் வாங்கிய பதில்களைக் கொண்டு 1980-ல் ஒரு புத்தகம் எழுதினார். மேலே இருக்கிறவன் மேலேயும், கீழே இருக்கிறவன் கீழேயும் இருப்பதுதான் முறை என்று எந்தத் தேசத்து ஜனங்கள் எவ்வளவு தூரம் ஒப்புக் கொள்ளுகிறார்கள் என்பதற்கு அதில் ஒரு கணக்கு இருக்கின்றது. டென்மார்க்குக்கு 18, பின்லாந்துக்கு 33, இந்தியாவுக்கு 77. தலையெழுத்து என்றும், பூர்வஜென்மப் பலன் என்றும் சொல்லிக் கொடுத்துவிட்டு அளந்தால் 77 வராமல் வேறென்ன வரும்?

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். பின்லாந்துக்காரன் கலாசாரம் அவன் ரத்தத்தில் ஊறியது, நமக்கு வராது என்று சிலர் சமாதானம் சொல்லுவார்கள். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் அந்த நாடு எப்படி இருந்தது? 1866 முதல் 1868 வரையில் பெரும் பஞ்சம். மரப்பட்டையை மாவோடு சேர்த்து ரொட்டி சுட்டுத் தின்றார்கள். 1868 ஒரே வருஷத்தில் நூற்றுக்கு 8 பேர் செத்தார்கள். அந்நாட்டுச் சபையில் பிரபுக்கள், பாதிரிகள், நகரத்து வியாபாரிகள், நிலமுள்ள குடியானவர்கள் என்று நாலு வகுப்பு. நாலு வகுப்பு என்றால் உங்களுக்கு எங்கேயோ கேட்டாற்போல் இருக்கலாம்! நிலமில்லாத கூலியாளுக்கு அந்த நாலிலும் இடம் கிடையாது. அவன் அங்கத்துப் பஞ்சமன்.

1906-ல் அந்த நாலு வகுப்புச் சபையைத் தூக்கிப் போட்டார்கள். 200 பேர் கொண்ட ஒரே சபை, ஆண் பெண் எல்லோருக்கும் ஓட்டு, எல்லோருக்கும் தேர்தலுக்கு நிற்க உரிமை என்று சட்டம் செய்தார்கள். 1907-ல் 19 பெண்கள் அச்சபைக்கு வந்தார்கள். அதன் பிறகும் எல்லாம் நேராகப் போய்விடவில்லை. 1918-ல் ஏழைகள் ஒரு கட்சியும் உடைமைக்காரர் ஒரு கட்சியுமாக அண்ணன் தம்பிகள் சுட்டுக் கொண்டு செத்தார்கள். சுமார் 30 லட்சம் ஜனத்தொகையில் 36,000-க்கு மேல் மாண்டார்கள். சிறைக்கூடாரங்களில் பசியாலும் நோயாலும் செத்தவர்களே ஏராளம். ஒருவரை ஒருவர் நம்புகிற கலாசாரம் அப்பொழுது ரத்தத்தில் எங்கே போயிருந்தது?

1921-ல் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. 1923 முதல் எந்த மதத்தையும் சேராமலே ஒருவன் வாழலாம் என்ற சட்டம் நடப்புக்கு வந்தது. 1948 முதல் பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும், பணக்காரன் பிள்ளை ஏழை பிள்ளை என்றில்லாமல், இலவசச் சாப்பாடு. (நம் சென்னை நகர சபையார் தியாகராயர் காலத்தில், 1920-லேயே, ஆயிரம் விளக்கில் ஒரு பள்ளியில் பகல் சாப்பாடு போட்டார்கள் என்பதை இங்கு சொல்லாமல் விட மனமில்லை.) 1990-ல் பின்லாந்தில் தற்கொலை உச்சத்துக்குப் போயிற்று. விதி என்று விட்டுவிடாமல் ஒவ்வொரு சாவுக்கும் காரணம் விசாரித்து, வைத்தியத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். பிறகு அது பாதிக்கும் கீழே இறங்கிற்று. இன்றைக்கும் அங்கு குறை இல்லாமல் இல்லை. வடக்கே இருக்கும் சாமி என்னும் ஆதிக்குடிகளின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் தாய்ப்பாஷை பேசவிடாமல் அடக்கியவர்கள்தான் இவர்களும். அதை விசாரிக்க 2021-ல்தான் ஒரு கமிஷன் வைத்தார்கள்.

ரத்தமா, ஏற்பாடா என்பதற்கு இன்னொரு சாட்சி இருக்கின்றது. 2018-ம் வருஷத்து அறிக்கையில், அந்தந்த நாட்டில் குடியேறிய அந்நியர்களை மாத்திரம் தனியாகப் பிரித்துக் கணக்கெடுத்தார்கள். குடியேறியவர்களின் வரிசையும் அந்நாட்டாரின் வரிசையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது; அதிலும் பின்லாந்துதான் முதல். பிறந்த நாட்டின் பழக்கம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு போகத்தான் செய்கிறது. ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தின் நடப்பே பெரும்பாலும் ஜெயிக்கின்றது.

மதபக்தர்கள் கேட்கும் கேள்வி ஒன்று பாக்கி இருக்கின்றது. பக்தியுள்ளவன்தான் சந்தோஷமாயிருக்கிறான் என்று ஆராய்ச்சி சொல்லவில்லையா என்கிறார்கள். சொல்லியிருக்கின்றது, நாம் மறைக்கவில்லை. அதே டீனர் 2011-ல் வேறு இருவரோடு சேர்ந்து வெளியிட்டதில், பசியும் பயமும் நிறைந்த தேசங்களில் பக்தன் மற்றவனைவிடச் சற்றுத் திருப்தியாயிருக்கிறான் என்று கண்டார். ஆனால் சோறும் வைத்தியமும் பாதுகாப்பும் உள்ள தேசங்களில் பக்தனுக்கும் பக்தியில்லாதவனுக்கும் திருப்தியில் ஏறக்குறைய வித்தியாசமே இல்லை என்றும் கண்டார். கால் ஒடிந்தவனுக்குக் கோல் வேண்டும்தான். ஒடித்தவனே வந்து கோலின் பெருமையைப் பேசினால் நாம் என்ன நினைப்பது?

ஒருவரை ஒருவர் நம்புவது பற்றி ஒரு வேடிக்கையும் சொல்லவேண்டும். 2013-ல் ரீடர்ஸ் டைஜஸ்ட் பத்திரிகைக்காரர்கள் பல நகரங்களில் பன்னிரண்டு பன்னிரண்டு மணிபர்ஸ்களைத் தெருவில் போட்டுவிட்டு, எத்தனை திரும்பி வருகின்றன என்று பார்த்தார்கள். பின்லாந்தின் தலைநகரமாகிய ஹெல்சிங்கியில் 11 வந்தன. அடுத்தது எந்த ஊர் தெரியுமா? பம்பாய்! 9 வந்தன. பன்னிரண்டு பையைக் கொண்டு ஒரு நாட்டை எடை போட முடியாதுதான். ஆனால் 2025-ம் வருஷத்து அறிக்கையிலும், பை திரும்பி வரும் என்று ஜனங்கள் எதிர்பார்ப்பதைப் போல் சுமார் இரண்டு பங்கு உண்மையில் திரும்பி வருவதாக எழுதியிருக்கிறார்கள். அந்த நம்பிக்கை உள்ளவனுக்குச் சந்தோஷமும் அதிகமாம். ஆகவே நம் ஜனங்களிடம் யோக்கியதை இல்லாமல் இல்லை. தொட்டால் தீட்டு, பார்த்தால் தீட்டு என்று பிரித்து வைத்த ஊரில், பக்கத்துத் தெருக்காரனிடம் யோக்கியதை இருக்கிறதென்று தெரிந்து கொள்ளத்தான் வழி இல்லை.

கலாசாரத்தை மாற்றிச் சுகப்பட்ட தேசத்தைச் சொன்னோம். கலாசாரத்தைக் காப்பாற்றி அதனாலேயே சந்தோஷம் உண்டாக்குகிறோம் என்று புறப்பட்ட தேசமும் ஒன்று உண்டு. இமயமலைச் சாரலில் உள்ள பூட்டான். 1972-ல் பட்டத்துக்கு வந்த ஜிக்மே சிங்யே வாங்சுக் என்னும் அரசர், நாட்டின் மொத்த உற்பத்தியைவிட மொத்த மகிழ்ச்சியே முக்கியம் என்றார். கேட்க நன்றாகவே இருக்கின்றது. அங்கு சர்க்கார் பள்ளியும் வைத்தியமும் இலவசம் என்பதும் மெய். ஐக்கிய நாடுகள் சபை 2011-ல் சந்தோஷத்தைப் பற்றி ஒரு தீர்மானம் செய்ததும் அந்நாட்டின் முயற்சியால்தான். உலகத்துப் பெரியவர்களெல்லாம் புகழ்ந்தார்கள்.

ஆனால் அந்த மகிழ்ச்சித் திட்டத்தின் தூண்களில் ஒன்று, கலாசாரப் பாதுகாப்பு. பூட்டானின் தெற்கே தாழ்ந்த மலைப்பக்கத்தில் நேபாளி பேசும் குடியானவர்கள் தலைமுறையாக இருந்தார்கள். பெரும்பாலும் இந்துக்கள். 1985-ல் ஒரு பிரஜா உரிமைச் சட்டம் செய்தார்கள். 1988-ல் குடிக்கணக்கு எடுத்து, 1958-ம் வருஷத்தில் இங்கே இருந்ததற்கு ரசீது காட்டு என்றார்கள். முப்பது வருஷத்துக்கு முந்திய வரி ரசீதை எந்தக் குடியானவன் பத்திரமாக வைத்திருப்பான்? 1989-ல் வடக்கத்தியாரின் உடையாகிய கோ, கிரா என்பவற்றைத்தான் எல்லோரும் பொது இடங்களில் போடவேண்டும், மீறினால் அபராதம் என்று உத்தரவு வந்தது. பள்ளிக்கூடத்தில் நேபாளி பாஷையை எடுத்துவிட்டார்கள். 1990-ல் ஜனங்கள் ஊர்வலம் போனார்கள். போலீசும் பட்டாளமும் வந்தன. ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வீடு வாசலை விட்டு நேபாளத்துக் கூடாரங்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நாட்டு ஜனத்தொகையில் ஆறில் ஒரு பங்கு என்று மதிப்பிடுகிறார்கள்.

வெளியே போனவர்களைக் கழித்துவிட்டு மீதிப்பேரிடம் "சந்தோஷமா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? அப்படிக் கேட்டும்கூட, 2019-ம் வருஷத்து உலக அறிக்கையில் பூட்டான் 156-ல் 95-வதாகத்தான் வந்தது.

கூடாரங்களில் பதினைந்து, இருபது வருஷம் கிடந்தவர்களை 2007-க்குப் பிறகு வேறு நாடுகள் ஏற்றுக் கொண்டன. பெரும்பாலோர் அமெரிக்கா போனார்கள். அங்கே 2009 முதல் 2012 வரையில் அவர்களில் 16 பேர் தற்கொலை செய்து கொண்டதை அந்நாட்டுச் சுகாதார இலாகா விசாரித்தது. பொதுஜனங்களின் விகிதத்தைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு என்று தெரிந்தது. 2025-ல் அமெரிக்க சர்க்கார் அவர்களில் சிலரைப் பிடித்து விமானத்தில் பூட்டானுக்கே திருப்பி அனுப்பிற்று. பூட்டான் அதிகாரிகள் அவர்களை வைத்துக் கொள்ளாமல் இந்திய எல்லையில் கொண்டுவந்து விட்டார்கள். அவர்களில் பலர் எல்லை கடந்து மறுபடியும் நேபாளத்துக்கே போய்ச் சேர்ந்தார்கள். சிலர் அங்கே கைது செய்யப்பட்டார்கள்.

தோழர்கள் எழுதி அனுப்பிய கேள்விச் சீட்டுகள் மேஜைமேல் இருக்கின்றன. தலைவர் அவர்கள் அனுமதித்தால் அவற்றுக்கு வரிசையாகப் பதில் சொல்லுகிறோம்.