சோதனைக்கூடத்து நோட்டு

தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று பல்கலைக்கழகத்தில் அறிவியல் படிக்கின்றனர். அங்கே என்ன செய்கிறார்கள் என்று பெற்றோரைக் கேட்டால், "ஏதோ லேப்பில வேலையாம்" என்பார்கள். அந்த லேப்பில், அதாவது சோதனைக்கூடத்தில், நடக்கும் ஒரு காரியத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

சென்ற தீபாவளிக்கு எங்கள் லயத்துப் பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். என்னிடம் ஆறாம் ஆண்டு படித்தவள். இப்போது இரசாயனம் படிக்கிறாள். அமிலத்தில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இளஞ்சிவப்பு நிறம் வந்ததும் நிறுத்தி, எவ்வளவு செலவாயிற்று என்று எழுதும் சோதனை. இவளுக்கு முதல் தடவை 24.6 மில்லிலிட்டர், அடுத்து 23.1, மூன்றாவது 24.5. மூன்றும் ஒத்து வராவிட்டால் புள்ளி குறையும் என்று பயந்து, 23.1ஐ அழித்துவிட்டு 24.5 என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். முழுப் புள்ளி!

"எல்லாரும் அப்படித்தான் சார் செய்யறாங்க" என்றாள்.

"புள்ளி வாங்கிடுச்சே, அப்புறம் என்ன சார்?" என்றார் அவள் தாயார்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. காரணம் உண்டு. பயிற்சிக் கல்லூரியில் நானும் ஊசல் சோதனையில் இதையே செய்தவன். புத்தகத்திலிருந்த விடை 9.8. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, ஊசல் ஆடிய நேரத்தை நானே எழுதிக்கொண்டேன். விரிவுரையாளர் சிவப்பு மையில் 'நன்று' என்று எழுதினார். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

தாயாரிடம், "அக்கா, பால்மரம் வெட்டின காலத்தை நினைச்சுப் பாருங்க" என்றேன். பாலில் பெரும்பகுதி தண்ணீர்; ரப்பர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே பாலை நிறுப்பதோடு, கொஞ்சம் எடுத்துக் காய்ந்த ரப்பர் எவ்வளவு என்றும் பார்ப்பார்கள். "கிராணி அந்த எண்ணைத் தன் இஷ்டத்துக்கு மாத்தி எழுதினா?" என்று கேட்டேன்.

"விடுவோமா சார்? ஆபீசுக்கே போயிருப்போம்!"

மகள் தலை குனிந்துகொண்டாள்.

23.1ஐக் கணக்கில் சேர்க்காமல் விடுவது தவறன்று. நிறம் வருமுன்பே அவசரப்பட்டுக் குழாயை மூடியிருக்கலாம். அப்படியானால், அந்த எண்ணின்மேல் ஒரே கோடு கிழித்து, காரணத்தைப் பக்கத்தில் எழுத வேண்டும். அடித்த எண்ணும் படிக்கத் தெரிய வேண்டும். அழித்து வேறு எண் வைப்பதுதான் பொய்.

பெரியவர்களும் இங்கே சறுக்கியதுண்டு. அமெரிக்க விஞ்ஞானி மில்லிகன், எண்ணெய்த் துளிகளைக் கொண்டு எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்தார். 1913ஆம் ஆண்டுக் கட்டுரையில் 58 துளிகளின் கணக்கைக் கொடுத்து, தொடர்ந்து 60 நாளில் சோதித்த துளிகள் எல்லாம் இவையே என்றார். 1923இல் நோபல் பரிசும் பெற்றார். பிற்காலத்தில் அவர் நோட்டைப் புரட்டியவர்கள், வெளியிடாத துளிகளும் அதில் இருக்கக் கண்டார்கள். அவர் விடை ஏறக்குறைய சரிதான். ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே பிசகியது. ஆயினும் 'எல்லாம்' என்ற சொல் உண்மையன்று. நோட்டை அவர் அழிக்காமல் வைத்திருந்ததால்தான் நமக்கு இது தெரிகிறது. அந்த மட்டில் என்னைவிட அவர் மேல்.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்வதற்கில்லை. சரியான விடைக்கே புள்ளி என்றால், பயந்த பிள்ளை விடையைச் செய்துதான் கொண்டுவரும். பிசகிய அளவை உள்ளபடி எழுதி, ஏன் பிசகியது என்று ஆராய்ந்த பிள்ளைக்கும் புள்ளி கொடுக்க வேண்டியது எங்களைப் போன்ற ஆசிரியர்களின் கடமை. நாளை இவள் குடிநீரைச் சோதிக்கும் வேலைக்குப் போகலாம்; மருந்தைச் சோதிக்கும் வேலைக்கும் போகலாம். அங்கே புள்ளி போட ஆள் இல்லை. குடிக்கத்தான் ஆள் உண்டு.

பிள்ளை போன் செய்து, "சோதனை சரியா வரலைம்மா" என்றால், "பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதிடு" என்று சொல்லாதீர்கள். "வந்ததை எழுது, வாத்தியாரைக் கேளு" என்று சொல்லுங்கள்.

அந்தப் பெண் திரும்பிப் போகும்போது, பழைய தாளில் 23.1ஐ மறுபடி எழுதி, விரிவுரையாளரிடம் காட்டப்போவதாகச் சொன்னாள். புள்ளி குறைந்தால் என்ன செய்வது என்று தாயாருக்குக் கவலை. எனக்கும்தான். இன்னும் அவளிடமிருந்து போன் வரவில்லை.