சாலையை அளப்போம், எல்லார் பேரையும் எழுதுவோம்

(ஏப்ரல் 14 சாலை ஓட்டத்துக்கான தொண்டர் முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, மாணவ நண்பர்களே,

பந்தயம் நடத்துறதுக்கும் விடுதலைக்கும் என்னய்யா சம்பந்தம்னு சிலர் கேக்குறாங்க. சாலை யாருடையது என்கிற கேள்வி இருக்கும்வரை சம்பந்தம் இருக்கு. ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன சனங்கள் நாம். அதே தெருவில் ஓடவும் செய்தோம். எதுக்கு? ஊரில் சாவு விழுந்தா அடுத்த ஊருக்குச் சேதி சொல்ல. ஏவலுக்கு ஓடின கால் இது. பொதுச்சாலையில் எல்லாருக்கும் உரிமை உண்டு என்று ரெட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது 1924இல். அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவும் அதைத்தான் சொல்லுது. காகிதத்தில் கிடைத்த சாலையை இனி காலால் எடுத்துக்கணும்.

பந்தயம்னாலே சமத்துவம்னு நினைச்சிடாதீங்க. தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓடுவார்கள். 1921இல் தொடங்கியது. அதுக்குப் பேரு 'காம்ரேட்ஸ்', அதாவது தோழர்கள்! 1935இல் ராபர்ட் எம்ட்சாலி என்ற கறுப்பர் முழுத் தூரத்தையும் ஓடி முடித்தார். அதிகாரப்பூர்வப் பட்டியலில் அவர் பேரை ஏத்தலை. கறுப்பரும் பெண்களும் முறைப்படி ஓட 1975 வரை ஆனது. ஓடவிடாமல் தடுப்பது ஒரு ஒடுக்குமுறை. ஓடினவரை எழுதாமல் விடுவது இன்னொன்று.

அமெரிக்காவில் டெட் கார்பிட், அடிமைகளின் பேரன். நிறத்தைக் காட்டிச் சில போட்டிகளில் அவரை ஓடவிடலை. ஹார்லெமில் 1936இல் கறுப்பர்கள் தொடங்கிய பயனியர் கிளப்பில் சேர்ந்தார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓடினார். 1958இல் நியூயார்க் சாலை ஓட்டக்காரர் சங்கத்துக்கு முதல் தலைவரானார். ஓடியதோடு அவர் நிற்கலை. சாலையைச் சரியாக அளக்கிற முறையை 1964இல் எழுதி வைத்தார்.

அந்த வழியில் வளர்ந்த முறைதான் நமக்கும். இரும்பு டேப்பால் 300 மீட்டர் நேர்ச்சாலையை அளந்து அடையாளம் வைக்கணும். அதில் சைக்கிளை நாலு தடவை ஓட்டி, சக்கரம் எத்தனை சுற்று சுற்றுதுன்னு எண்ணணும். பிறகு பந்தயப் பாதையில், ஓடுறவர் போகக்கூடிய மிகக் குறுக்கான வழியிலேயே ஓட்டணும். வளைவில் ஓரத்திலிருந்து 30 சென்டிமீட்டர்தான் தள்ளலாம். வெயில் ஏறினா டயர்க் காத்து விரியும், கணக்கு மாறும். அதனால முடிச்சதும் அந்த 300 மீட்டரை மறுபடி ஓட்டிப் பார்க்கணும். தூரம் ஒருபோதும் குறையாமலிருக்க, கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூட்டிக்கணும். இவ்வளவு பாடு எதுக்கு? ஒரு சேரிப் பொண்ணு பத்துக் கிலோமீட்டரை இத்தனை நிமிசத்தில் ஓடினாங்கன்னு நாம எழுதினா, 'ரோடு குட்டை'ன்னு ஒருத்தனும் வாய் திறக்கக் கூடாது.

அடுத்தது தண்ணி. ஒரே மேசை, ஒரே குடம், ஒரே மாதிரி டம்ளர். ஊற்றிக் கொடுப்பவர்கள் சேரியிலிருந்தும் ஊரிலிருந்தும் கலந்து நிற்கணும். இரட்டைக் குவளையைப் பார்த்த கண்ணுக்கு இந்த மேசையே ஒரு பாடம். பல பிள்ளைகள் வெறுங்காலில் ஓடுவார்கள். முதல் நாள் சாயந்திரமே கண்ணாடிச் சில்லைப் பொறுக்கிடணும். தார் சூடேறும் முன்னே ஓட்டம் முடியணும். முடிந்ததும் குப்பை அள்ளத் துப்புரவுத் தொழிலாளியைக் கூப்பிடக் கூடாது. சீட்டுக் குலுக்குவோம், என் பேரையும் போடுங்க.

இப்போ பாதை விசயம். ஊர்த்தெரு வேண்டாம், புறவழிச்சாலையில் ஓடிக்கோங்கன்னு பேச்சு வருது. சட்டம் ஒழுங்காம்! வாய்ச்சொல்லுக்கு நாம் பாதையை மாற்றப் போவதில்லை. மறுக்கிறவங்க காரணத்தை எழுத்தில் தரட்டும். அதை வைத்து மேலதிகாரியிடம் போவோம், நீதிமன்றத்துக்கும் போவோம். அதேசமயம், ஓடப்போறது பதினாலு, பதினைந்து வயசுப் பிள்ளைகள். அவர்களைக் கல்லுக்கும் கம்புக்கும் முன்னால நிறுத்துறது போராட்டம் ஆகாது. அனுமதியும் பாதுகாப்பும் கைக்கு வராமல் ஊர்த்தெருவில் பிள்ளைகளை இறக்க மாட்டோம். ஊர்த்தெருவை விட்டுட்டுப் பந்தயம் நடத்தவும் மாட்டோம். தேதி தள்ளிப்போகணும்னா போகட்டும்.

முடிவுப் பட்டியல் பற்றி ஒன்று. முதல் மூன்று பேருக்குப் பரிசு, சரி. ஆனால் கடைசியாக வரும் பாட்டி வரைக்கும் பேர், ஊர், நேரம் எழுதியாகணும். அவங்க வந்து சேரும்வரை கடிகாரத்தையும் நிறுத்தக் கூடாது, நோட்டையும் மூடக் கூடாது. எம்ட்சாலிக்கு நடந்தது நம்ம நோட்டில் யாருக்கும் நடக்கக் கூடாது.

நாளைக் காலை அஞ்சு மணிக்கு அளக்கத் தொடங்குறோம். சைக்கிள் உள்ளவங்க காத்தடிச்சுட்டு வாங்க.

ஜெய்பீம்.