அணியில் இல்லாதவர்

தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை உ. வே. சாமிநாதையர் 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்டார். மாணவர் ஆசிரியரை நினைந்த நூல் அது. ஆசிரியர் மாணவரை நினைப்பதை எங்கே காண்பது? அண்மையில் வெள்ளவத்தையில் கண்டேன்.

யாழ்ப்பாணத்தில் எங்களுக்குத் தமிழ் படிப்பித்து, உதைபந்தாட்டமும் பழக்கிய சேர், ஓய்வுபெற்றுக் கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வோடு சிதறிய மாணவர் சிலரும், அவரோடு படிப்பித்த இருவரும் அவரை அழைத்துக் கூடினோம். ஆடிய இடத்தைச் சொல்லியே அவர் ஆளை விசாரித்தார்.

"வலப்பக்கம் ஓடினவன்?"

"கனடாவிலை, சேர்."

"கோல் காத்தவன்?"

ஒருவரும் பேசவில்லை. அவர் மறுபடி கேட்கவில்லை.

தேநீர் வேளையில் என்னருகே வந்தமர்ந்தார். "தம்பி, உம்மை நான் அணியிலை எடுக்கேல்லை. பதினொரு பேருக்குத்தான் இடம். விட்ட பிள்ளையளின்ரை முகம்தான் இப்ப நினைவிலை வருது."

அந்தக் குறையை இத்தனை ஆண்டுகளாக நான் மட்டுமே சுமந்ததாக எண்ணியிருந்தேன்.

மறுநாள் வகுப்பில் இடாப்புக் கூப்பிட்டேன். கடைசி வாங்கில் இருந்தவனின் பெயர் வந்ததும், தலை நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தேன்.